தேயிலைப் பெட்டிக்குள் இரண்டு பல்பு

இனிமையான நினைவுகளை எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதுக் கூரை போட்டு, பெயின்ட் அடித்து, திறப்பு விழா வைக்கிறார்கள். விழாவுக்கு ஒரு மலர். மலருக்குப் பழைய ஊழியர்களின் கட்டுரைகள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, யாரையும் குறை சொல்லக் கூடாது என்று நிரோஷா போனில் சொன்னாள். நிரோஷா இப்போது அங்கே மருத்துவிச்சி. நான் முப்பத்தொரு வருடம் இருந்த நாற்காலியில் இருக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் இது இரண்டு பக்கத்துக்கு மேல் போகும். குறையும் சொல்லும். போட இஷ்டமில்லை என்றால் விடுங்கள்.

உண்மையில் நான் எழுதுவதாகவே இல்லை. பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பதுளையில் மகன் வீட்டில் சும்மா இருந்திருப்பேன். நிரோஷா ஒரு படம் அனுப்பினாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு நேராக ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் எங்கள் பழைய தேயிலைப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு எல்.இ.டி. பல்பு வெள்ளை வெளேரென்று எரிகிறது. முன்னால் ஒரு அட்டை: "முற்காலத்தில் குறைமாதக் குழந்தைகளுக்கு வெளிச்சம் வழங்கப் பயன்பட்ட பெட்டி."

வெளிச்சம் வழங்க!

உடனே போனை எடுத்தேன்.

"யாரும்மா இத எழுதுனது?"

"ஆபீஸ்ல டைப் பண்ணிக் குடுத்தாங்க மிஸ்ஸி. ஏன், நல்லா இல்லியா?"

"பொறந்த பிள்ளைக்கு எதுக்கு வெளிச்சம்? பேப்பர் படிக்கவா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"மொதல்ல அந்தப் பல்பக் கழட்டு. பழைய குண்டு பல்பு ரெண்டு வாங்கிப் போடு."

"குண்டு பல்பு இப்ப எங்க மிஸ்ஸி இருக்கு? இதுன்னா போட்டோவுல பளிச்சுன்னு விழுது."

மறுநாள் காலையில் நானே கடைத்தெருவுக்குப் போனேன். மூன்று கடையில் இல்லை. மூன்றிலும் என்னை ஏதோ மண்ணெண்ணெய் விளக்கு கேட்க வந்த கிழவியைப் போலப் பார்த்தார்கள். நாலாவது கடை பஸ் ஸ்டாண்டுப் பக்கம். கடைக்காரர் வயதான முஸ்லிம் மனிதர்.

"குண்டு பல்பா? அது இப்ப வாரல்லம்மா. எல்.இ.டி. தாரன், ரெண்டு வருஷம் கேரண்டி ஈக்கி."

"அது வேணாம் நானா. எனக்குச் சுடுற பல்பு வேணும்."

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "கோழிக்குஞ்சு வளக்குறீங்களா?"

"ஏன் அப்படிக் கேக்குறீங்க?"

"சுடுற பல்பு தேடி வாரவங்க எல்லாரும் கோழிக்குஞ்சுக்குத்தான் தேடுற."

ஏணி போட்டு ஏறி, மேல் தட்டில் தூசிக்குள் கையை விட்டுத் துழாவி, அறுபது வாட் பல்பு இரண்டை எடுத்துக் கொடுத்தார். கோழிக்குஞ்சு என்று அவர் சொன்னது எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதுளையில் படித்தேன், திட்டு வாங்கினேன், பாஸ் பண்ணினேன். இருபத்திரண்டு வயதில் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மருத்துவிச்சியாக வந்தேன். ஆஸ்பத்திரி என்றால் எட்டுக் கட்டில், ஒரு பிரசவ அறை, ஒரு மருந்து அறை. பின்பக்கம் மலை. டிசம்பர், ஜனவரி மாதத்தில் பகலிலேயே பனி மூட்டம் ஜன்னலுக்குள் வந்து நிற்கும்.

அங்கே பெரியவர் சவரிமுத்து ஐயா. தோட்டத்து மருத்துவ உத்தியோகத்தர். டாக்டர் பட்டம் கிடையாது, ஆனால் தோட்ட மேனேஜர் துரையிலிருந்து கொழுந்துக்காரி வரை எல்லோருக்கும் அவர் டாக்டரையா. முழுக்கை வெள்ளைச் சட்டை போடுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சத்தம் போடுகிற பெரியவரிடம் வேலை செய்வது சுலபம். சத்தம் முடிந்தால் விஷயம் முடிந்தது. இவர் சத்தம் போட மாட்டார். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பார். பதில் சரியாக வரும்வரை அதே குரலில் கேட்டுக்கொண்டே நிற்பார்.

தேயிலைப் பெட்டி அவர் செய்வித்தது. ஏற்றுமதித் தேயிலையை அடைக்கிற பலகைப் பெட்டிதான். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். அது சூட்டைத் திருப்பி உள்ளேயே அடிக்கும். தோட்டத்து ஆசாரி கீழே ஒரு தட்டு அடித்து, அதில் இரண்டு பல்பு மாட்டி, மேலே கம்பி வலை போட்டு, அதன் மேல் பிள்ளை படுக்கிற பலகை வைத்தார். பக்கத்தில் காற்றுக்கு ஓட்டைகள், அவற்றை மூடித் திறக்க ஒரு தகடு. ஏன் இரண்டு பல்பு என்றால், ஒன்று பியூஸ் போனாலும் மற்றது பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும். வார்மர், இன்குபேட்டர் எல்லாம் பதுளை பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தன. பதுளைக்குப் போய்ச் சேரும்வரை பிள்ளைக்கு இந்தப் பெட்டிதான்.

வந்த மாதமே ஒரு குறைமாதப் பிள்ளை. பல்பைப் போட்டுவிட்டு நின்றேன். ஐயா வந்தார்.

"சூடு ஏறிருச்சா?"

"ஏறிருச்சுங்க ஐயா."

"எது ஏறிருச்சு? பல்பா, பெட்டியா, பிள்ளையா?"

நான் பல்பைப் பார்த்தேன். மறுபடி கேட்டார், அதே குரலில். "பல்பா, பெட்டியா, பிள்ளையா?"

அதுதான் அவருடைய முறை. பிள்ளையை வைப்பதற்கு அரை மணி முந்தியே பல்பைப் போட வேண்டும். பக்கத்தில் ஒரு சாசரில் தண்ணீர், இல்லையென்றால் காற்று காய்ந்து பிள்ளையின் மூக்கு அடைக்கும். பெட்டிக்குள் தெர்மாமீட்டர் தொங்க வேண்டும். பிள்ளைக்குத் தொப்பி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. பிறகு அரை மணிக்கு ஒருமுறை புறங்கையால் பிள்ளையின் பாதத்தைத் தொட வேண்டும், வயிற்றைத் தொட வேண்டும். பாதம் குளிர்ந்து வயிறு சூடாக இருந்தால் கவனம். இரண்டும் குளிர்ந்திருந்தால் ஆபத்து. ரெஜிஸ்டரில் மூன்று பத்தி: பல்பு, பெட்டி, பிள்ளை. மூன்றையும் நிரப்பாமல் யாரும் சாப்பிடப் போகக் கூடாது.

தோட்டத்துக் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரிக்கும் தேயிலை ஸ்டோருக்கும், அதாவது தேயிலை ஆலைக்கும், ஒரே லைன். காலையில் ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலர்கள் எல்லாம் ஒன்றாகச் சுற்றினால் எங்கள் பல்புகள் பீடி நுனி மாதிரிச் சிவந்து போகும். சிவந்தால் சூடு இல்லை. ஒருநாள் உள்ளே ஒன்றரைக் கிலோப் பிள்ளை இருக்கும்போது அப்படி ஆயிற்று. ஐயா ஒரு துண்டுக் காகிதத்தில் ஸ்டோருக்கு எழுதி அனுப்பினார்: "ஒரு ரோலரை நிறுத்தவும்." கால் மணியில் துரை ஜீப்பில் வந்து இறங்கினார்.

"டாக்டர், ஸ்டோர்ல மெஷின நிப்பாட்டச் சொல்ல நீங்க யாரு?"

"தேயிலை கொஞ்ச நேரம் பொறுக்கும் சேர். உள்ள இருக்குறது பொறுக்காது."

"கொழுந்து கெட்டுப் போனா யாரு பொறுப்பு?"

"கொழுந்து நாளைக்கும் வரும் சேர். கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

துரை குனிந்து பார்த்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அன்று மத்தியானம் வரை ஒரு ரோலர் ஓடவில்லை. பல்பு மறுபடி முட்டை மஞ்சள்கரு நிறத்துக்கு வந்தது. அந்த நிறத்தை நான் அன்று மனதில் பிடித்துக்கொண்டேன். மஞ்சள்கரு நிறம் என்றால் பெட்டி சரி. ஆரஞ்சு என்றால் குறைவு. சிவப்பு என்றால் பிள்ளையை வெளியே எடுத்து அம்மாவின் நெஞ்சில் வை. இரண்டு மூன்று வருடத்தில் வாசலில் நின்றே, தெர்மாமீட்டரைப் பார்க்காமலே, பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். பெருமையாக ஐயாவிடமும் சொன்னேன்.

"கண்ணு நல்ல கண்ணுதான்," என்றார். "கைய வை."

அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் புகழ்ந்து பாட்டுப் பாட நான் வரவில்லை. அது பொய்யும் சொல்லும். ஒரு தாய் பெட்டியைப் பார்த்து, "பிள்ளை மாம்பழமாட்டம் இருக்கு மிஸ்ஸி," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பல்பு வெளிச்சத்தில் எந்தப் பிள்ளையும் பொன்னாகத்தான் தெரியும். ஆனால் ஐயாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு வார்டில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் ஜன்னலுக்குத் தூக்கிப் போய், பகல் வெளிச்சத்தில், மூக்கு நுனியை விரலால் அழுத்தி நிறம் பார்ப்பார். அந்த மாம்பழத்துக்கு மஞ்சள் காமாலை. அந்த மணித்தியாலமே பதுளைக்கு அனுப்பினோம். எனவே வெள்ளை வெளிச்சத்தின் நன்மை எனக்குத் தெரியும். பிரசவத்தில் கிழிந்த இடத்துக்குத் தையல் போட எல்.இ.டி. போல ஒன்று கிடையாது. தொழிலாளர் லயத்துக் காம்பிரா அறைகளில் பிள்ளைகள் படிக்கவும் அதுதான் நல்லது. என் கோபம் வெளிச்சத்தின் மேல் இல்லை.

ஐயா ஓய்வு பெற்றுப் போனார். அவருக்குப் பிறகு வந்த உத்தியோகத்தருக்கு இரண்டு தோட்டம். எங்களிடம் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளில் நானும் வார்டு உதவிக்காரி லெட்சுமியும்தான். லெட்சுமி என்னைவிட மூன்று வயது இளையவள். வேலைக்கும் வாய்க்கும் குறைவில்லாதவள்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். மற்றவர்களைத் திட்டப் போகிறவள் இதை மறைக்கக் கூடாது.

பெட்டியின் தெர்மாமீட்டர் உடைந்தது. புதிது கேட்டு எழுதினேன். வரவில்லை. மறுபடி எழுதினேன். வரவில்லை. எனவே ரெஜிஸ்டரில் "பெட்டி" என்ற பத்தியை நிரப்ப வழியில்லாமல் விட்டேன். பிறகு கிளினிக், தடுப்பூசி, லயம் லயமாக நடை என்று வேலை கூடியது. பல்பின் நிறத்தைப் பார்த்தால் எனக்கே எல்லாம் தெரியுமே என்று "பிள்ளை" என்ற பத்தியையும் விட்டேன். புதுப் புத்தகத்தில் ஒரே ஒரு பத்திக்கு நானே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். "பல்பு." எரிந்தால் சரி அடையாளம். லெட்சுமிக்கும் அப்படியே பழக்கினேன். "மஞ்சளா, நல்லா எரியுதான்னு பாரு, சரி போடு." பல வருடம் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அந்தப் பல்பு எரிந்தால் சுட்டது. சுடாமல் எரிய அதற்குத் தெரியாது.

பிறகு வேன் வந்தது. தோட்டம் முழுக்கப் பழைய பல்பைக் கொடுத்துப் புதுப் பல்பு வாங்க வேண்டும் என்று உத்தரவு. மினுமினுப்பான துண்டுப் பிரசுரமும் கொடுத்தார்கள். அதில் அழகான தமிழில் எழுதியிருந்தது: "பழைய மின்குமிழ்கள் மின்சாரத்தின் பெரும்பகுதியை வீண் சூடாக இழக்கின்றன." வீண் சூடு! எழுதிய மனிதர் நமுனுகுல மலையில் ஒரு ஜனவரி மாதம் இருந்திருந்தால் அந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டார்.

அந்த இரண்டு நாளும் நான் பண்டாரவளையில் அக்கா மகள் கல்யாணத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது வார்டு பட்டப்பகல் மாதிரி இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். வயர்மேன் பிரசவ அறை, சமையலறை, கக்கூஸ், தேயிலைப் பெட்டி என்று ஒன்று விடாமல் மாற்றிவிட்டுப் போயிருந்தார். கழற்றிய பல்புகளைச் சாக்கில் கட்டி வேனில் ஏற்றிப் போய்விட்டார்கள். பெட்டிக்குள் இருக்கிற பல்பு எதற்கு என்று அவர்களில் ஒருவர் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்க எனக்கும் தோன்றவில்லை. அந்தச் சமயம் உள்ளே பிள்ளை யாரும் இல்லை.

நாலு மாதம் கழித்து, அடை மழை நாளில், மத்தியானம் புஷ்பம் வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். மலையில் வைத்தே வலி எடுத்து, கூடையோடு கூட்டி வந்தார்கள். எட்டு மாதம் முடியவில்லை. முந்தின வருடம் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இது நிக்குமா மிஸ்ஸி?"

இரண்டு மணிக்குப் பிறகு பெண் பிள்ளை பிறந்தது. ஒரு கிலோ அறுநூறு கிராம். அழுதது, சின்னதாக. பதுளைக்குப் போன் பண்ணினேன். அம்புலன்ஸ் புறப்பட்டது. ஆனால் எங்கள் தோட்டத்துக்குக் கீழே ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, மெஷின் வந்து அள்ள வேண்டும், சாயந்தரம் ஆகும் என்றார்கள். உத்தியோகத்தர் சரிவுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நானும் லெட்சுமியும்.

புஷ்பத்துக்கு ரத்தம் நிற்கவில்லை. பிள்ளைக்குத் தொப்பி போட்டு, சுற்றி, பெட்டிக்குள் வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டுத் தாயிடம் ஓடினேன். மூன்று மணிக்கு லெட்சுமி ரெஜிஸ்டரில் சரி போட்டாள். மூன்றரைக்கு நான், புஷ்பத்தின் வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டே, கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெட்டி பளிச்சென்று எரிந்தது. அத்தனை வருடத்தில் அது அவ்வளவு நன்றாக எரிந்ததே இல்லை. மஞ்சளாக இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. வார்டு முழுக்கத்தான் வெள்ளையாகிவிட்டதே. நான் சரி போட்டேன்.

"அழுவுற சத்தம் இல்லியே," என்றாள் புஷ்பம்.

"நல்லாத் தூங்குது," என்றேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

அந்த நேரம் அவள் புருஷன் மரியதாஸ் வந்தார். ஸ்டோரில் தேயிலை காய வைக்கிற அடுப்பில் வேலை செய்பவர். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"தொடலாமா மிஸ்ஸி?"

"கையத் தொடச்சிட்டுத் தொடுங்க."

தொட்டார். கையை எடுத்தார். மறுபடி உள்ளே விட்டு ஈயத்தாளைத் தொட்டார்.

"மிஸ்ஸி, இது எரியுது. ஆனா சுடலியே."

"மழையில வந்த கை. அப்படித்தான் இருக்கும். பேசாம நில்லுங்க."

"நான் அடுப்புக்காரன் மிஸ்ஸி." அவர் நகரவில்லை. "இதுல சூடு இல்ல. வந்து கைய வையுங்க."

கைய வை. அந்த இரண்டு சொல்லைக் கேட்டு எத்தனை வருடம்!

வைத்தேன். ஈயத்தாள் மழைத் தகரம் மாதிரி இருந்தது. பிள்ளையின் பாதம் குளிர். வயிறும் குளிர். அது தூங்கவில்லை. அழுகிற தெம்பு போய்விட்டது.

"சட்டையக் கழட்டுங்க," என்றேன்.

"இங்கயா?" பிரசவ வார்டில் ஆம்பிளை நிற்பதே அந்தக் காலத்தில் கூச்சம்.

கட்டிலில் இருந்து புஷ்பத்தின் குரல் வந்தது, தெம்பே இல்லாத குரல். "கழட்டுய்யா. வெக்கப்படுற நேரத்தப் பாரு."

அவர் உடம்பைத் துவாயால் சிவக்கச் சிவக்கத் துடைத்தேன். நெஞ்சு சூடாகத்தான் இருந்தது. நாள் முழுக்க அடுப்புக்கு முன்னால் நிற்கிற நெஞ்சு. பிள்ளையின் துணியை அவிழ்த்து அவர் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, மேலே கம்பளியைச் சுற்றினேன். நெஞ்சுச் சூடுதான் முதல் மருந்து என்று இன்றைய புத்தகம் சொல்கிறது. சரியான பேச்சு. ஆனால் அந்த மனிதர் அரை மணியில் தானே நடுங்கத் தொடங்கினார். காற்சட்டை முழுக்க மழைத் தண்ணீர். தாயை அசைக்க முடியாது. ரோடு திறக்க இன்னும் மூன்று மணித்தியாலம். பெட்டி சுட வேண்டும்.

"லெட்சுமி, பழைய பல்பு ஒண்ணாவது எங்கயாவது இருக்கா?"

"எல்லாத்தையும் வேன்ல ஏத்திட்டாங்களே." நின்றாள். பிறகு கண்ணை அகல விரித்தாள். "கிளாக்கரம்மா வீட்டுல இருக்கு மிஸ்ஸி! கோழிக்குஞ்சுப் பெட்டில எரியுது. குஞ்சு செத்துரும்னு சொல்லி அவங்க மட்டும் குடுக்கல."

இதை நான் மறுபடி எழுதுகிறேன், விழாவுக்கு வருகிறவர்கள் நிறுத்தி வாசிக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் கோழிக்குஞ்சுக்குச் சூடு வேண்டும் என்று யோசிக்க ஒரு ஆள் இருந்தார். ஆஸ்பத்திரியில் பிறக்கிற பிள்ளைக்குச் சூடு வேண்டும் என்று யோசிக்க ஆபீசிலும் ஆள் இல்லை, வேனிலும் ஆள் இல்லை, வார்டிலும் ஆள் இல்லை. வார்டில் இருந்தவள் நான்.

லெட்சுமி மழையில் ஓடினாள். கால் மணியில் திரும்பி வந்தாள், முந்தானையில் இரண்டு பல்பைச் சுற்றிக்கொண்டு. பின்னாலேயே குடையோடு கிளாக்கரம்மா, தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கின் மனைவி.

"அம்மா ஒரு நிமிசம் யோசிச்சாங்க மிஸ்ஸி," என்றாள் லெட்சுமி மூச்சு வாங்க. "எங்குஞ்சுக்கு என்ன செய்யுறதுன்னாங்க. மடியில கட்டிக்கங்கன்னுட்டேன்."

"அடுப்படில வச்சிட்டு வந்தேன்," என்றார் கிளாக்கரம்மா கூச்சத்தோடு. "பிள்ளை எப்படி இருக்கு?"

ஒரு பல்பில் மஞ்சள் இறகு ஒட்டிக் கருகியிருந்தது. துடைத்து மாட்டினேன். இரண்டும் அறுபது வாட். ஐயாவின் பெட்டிக்கு நாற்பதுதான் கணக்கு. எனவே தகட்டை முழுக்கத் திறந்து விட்டேன். சாசரில் தண்ணீர் வைத்தேன். ரெஜிஸ்டரைத் திருப்பி, பின்பக்கத் தாளில் மூன்று கோடு இழுத்தேன்: பல்பு, பெட்டி, பிள்ளை. தெர்மாமீட்டர் இல்லாததால் பெட்டிக்கு என் மணிக்கட்டு. அரை மணி முழுசாகக் காத்திருந்து, மணிக்கட்டு சரி என்று சொன்ன பிறகுதான் பிள்ளையை உள்ளே வைத்தேன். மரியதாஸ் உடுப்பு மாற்றி, பிளேன்டீ குடித்து, சூடாகி வந்தார். மறுபடி நெஞ்சு. மறுபடி பெட்டி. பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பாதம், வயிறு. ஐந்தே காலுக்கு "வயிறு: கொஞ்சம் சூடு" என்று எழுதினேன். ஆறு மணிக்கு "பாதம்" என்று எழுதும்போது பிள்ளை கத்தியது. கிளாக்கரம்மா ஓவென்று அழுதார்.

ஏழு மணிக்கு முன்னால் அம்புலன்ஸ் சரிவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மரியதாஸ் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து கடந்தார். லெட்சுமி குடை பிடித்தாள். புஷ்பத்தை அவள் அண்ணன்மார் நாற்காலியில் தூக்கிப் போனார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

நடந்ததை ஒளிக்காமல், என் பெயரையும் சேர்த்து, ஆபீசுக்கு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அங்கிருந்து ஒருவர் வந்தார். பெட்டியைக் காலால் லேசாகத் தட்டிப் பார்த்தார்.

"மிஸ்ஸி, இந்தப் பெட்டியே முறைப்படி பிழை. பிள்ளைய ஒடனே பதுளைக்கு அனுப்பியிருக்கணும்."

"ரோடு இல்ல சேர்."

"அது வேற விசயம்."

"எங்களுக்கு அதுதான் சேர் விசயம். பெட்டி பிழைன்னா சரியான வார்மர் ஒண்ணு குடுங்க. அது வரைக்கும் குண்டு பல்பு நாலு குடுங்க."

"பழைய பல்பு இனித் தர முடியாது. தோட்டம் முழுசா மாத்தியாச்சுன்னு அறிக்கை போயிருச்சு. வார்மர் வரும்."

நான் ஓய்வு பெறும் வரை வரவில்லை. கிளாக்கரம்மாவின் பல்புகளைக் காகிதத்தில் சுற்றி மருந்து அலுமாரியில் பூட்டி வைத்து ஓட்டினேன். குஞ்சுகளுக்கு என்ன செய்தார் என்று அவர் சொல்லவில்லை. பல்பைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

இப்போது வார்மர் வந்துவிட்டது, புதுக் கட்டடத்தில் இருக்கிறது என்று நிரோஷா சொன்னாள். நல்லது. மிக நல்லது. பெட்டி அலுமாரிக்குள் போகட்டும், எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதற்குள் வெள்ளைப் பல்பை எரியவிட்டு, வெளிச்சம் வழங்கிய பெட்டி என்று எழுதினால், அன்று மூன்று மணிக்கும் மூன்றரைக்கும் நடந்ததை மறுபடி செய்கிறீர்கள். அந்த ரெஜிஸ்டர் இன்னும் அங்கே இருக்கும், பாருங்கள். இரண்டு சரி அடையாளம். ஒன்று லெட்சுமி போட்டது, ஒன்று நான் போட்டது. இரண்டிலும் பொய் இல்லை. பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இந்தக் கட்டுரையோடு அறுபது வாட் பல்பு இரண்டு அனுப்புகிறேன். மகன் கொண்டுவந்து தருவான். விழா தொடங்க அரை மணிக்கு முன்னால் பெட்டிக்குள் மாட்டிப் போடுங்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து வையுங்கள். வருகிற பெரியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே கையை வைத்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் வீண் சூடு என்று யாருக்காவது தோன்றினால் மேடையில் ஏறிச் சொல்லட்டும்.

விருந்தினருக்கு வெற்றிலை கொடுக்க ஸ்கூல் பிள்ளைகள் நிற்பார்களாம். மரியதாஸ் மகள், அந்த ஒரு கிலோ அறுநூறு கிராம், அதில் ஒருத்தி என்று கேள்விப்பட்டேன். கெட்டிக்காரியாம், வாய் நீளமாம். முதலில் அவள் கையை வைக்கட்டும்.